கரும்பலகையும் கைப்பேசியும்

கற்பிக்கும் ஒருவர் மீண்டும் கற்கும் நிலைக்கு வந்து அமர்வது எளிய செயலன்று. இருபது ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்று, சுண்ணக்கட்டியைக் கையில் எடுத்த அளவிலே வகுப்பை அமைதியாக்கும் ஆற்றல் பெற்ற ஒருவர், தம் பழைய மாணவன் ஒருவனிடம், "தம்பி, இதில் எதை அழுத்த வேண்டும்?" என்று கேட்க நேர்ந்தால், அவர் உள்ளம் எவ்வளவு கூசும்! அந்தக் கூச்சத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. கருவிகளைப் பற்றி எழுதுகிறார்கள். கருவிகளின் விலையைப் பற்றி எழுதுகிறார்கள். நாட்டின் முன்னேற்றத்தைப் பற்றியும் எழுதுகிறார்கள். கருவியைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கும் ஆசிரியரைப் பற்றி எழுத மறந்துவிடுகிறார்கள்.

நண்பர்களே, நம்முள் பலர் நாளை ஆசிரியராகப் போகிறவர்கள். சிலர் இப்போதே மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி, விடுதிக் கட்டணத்தில் ஒரு பகுதியை ஈடுசெய்து வருகிறவர்கள். ஆதலால் இது நம் கதையும் ஆகும். இணையக் கருவிகளை வகுப்பறையில் கையாள ஓர் ஆசிரியர் எவ்வாறு கற்கிறார், எங்கே இடறுகிறார், அவர் கற்பதற்கு எது துணை, எது தடை என்பவற்றை, நான் அருகிருந்து கண்ட ஓர் ஆசிரியையின் அனுபவத்தைக் கொண்டும், நாடறிந்த சில முயற்சிகளைக் கொண்டும் இக்கட்டுரையில் ஆராயலாம்.

இடம் பொம்மனஹள்ளி. ஓசூர்ச் சாலையில் சில்க் போர்டு சந்திப்பைக் கடந்தால் வருவது. முன்பு தனி நகராட்சியாக இருந்து, 2007 ஆம் ஆண்டில் பெங்களூர் மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட பகுதி. தலைக்கு மேலே மின்னணு நகரத்துக்குச் செல்லும் மேம்பாலச் சாலை 2010 முதல் ஓடுகிறது; 2025 ஆகஸ்டில் மெட்ரோ ரயிலும் வந்துவிட்டது. கணிப்பொறி அறிஞர்கள் மேலே விரைந்து போகிறார்கள். கீழே, ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் பெண்கள், கையில் சோற்று டப்பாவோடு காலையில் நடந்து போகிறார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை, வேலூர்ப் பக்கங்களிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் இங்கே நிறைய உண்டு. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளிப் புத்தகத்தில் ஆங்கிலம். இம்மூன்றையும் ஒரே நாளில் பேசிவிட்டு உறங்கப் போகும் பிள்ளைகளுக்குத்தான் அந்த ஆசிரியை கணக்குச் சொல்லிக்கொடுத்தார்.

2020 மார்ச்சு மாதத்தில் பள்ளிகள் மூடப்பட்டன. அப்போது நான் பி.யு.சி. இரண்டாம் ஆண்டில் இருந்தேன். எல்லாத் தேர்வுகளும் முடிந்து, ஆங்கிலத் தாள் மட்டும் தள்ளிவைக்கப்பட்டிருந்தது. அது ஜூன் 18 ஆம் நாள்தான் நடந்தது. இடைப்பட்ட நாட்களில் எனக்கு வேலையில்லை. எங்கள் தெருவிலேயே குடியிருந்த அந்த டீச்சர், ஒரு மாலை என் தாயாரிடம் வந்து, "உங்க பையனைக் கொஞ்சம் அனுப்புங்க. இந்தப் போனில் வகுப்பு நடத்தணுமாம், எனக்கு ஒண்ணும் பிடிபடல" என்றார். நான் ஏழாம் வகுப்பில் அவரிடம் படித்தவன். பெருக்கல் வாய்ப்பாட்டுக்காக அவரிடம் அடி வாங்கியவனுங்கூட. அன்று நான் நாற்காலியில் அமர்ந்தேன். அவர் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். எழுந்து, "நீங்க உட்காருங்க மிஸ்" என்றேன். அந்த ஒரு நொடியில் எனக்கு ஏற்பட்ட தடுமாற்றம் இன்னும் மறக்கவில்லை.

முதல் வாரம் தோல்வியாகவே முடிந்தது. காலை பத்து மணிக்கு நேரலை வகுப்பு என்று அறிவித்தார். வகுப்பில் பாதிப் பேர்கூட வரவில்லை. வந்தவர்களும் முகத்தைக் காட்டவில்லை; கறுப்புக் கட்டங்களாக வரிசையில் நின்றார்கள். "கேட்கிறதா?" என்று கேட்டுக் கேட்டே முக்கால் மணி கழிந்தது. பயிற்சிக் குறை என்றே அவர் எண்ணினார். எந்தப் பொத்தானை அழுத்தினால் யார் குரல் அடங்கும், திரையை எவ்வாறு பகிர்வது என்பதையெல்லாம் இரவில் கண்விழித்துப் பழகினார். இரண்டாம் வாரம் பொத்தான்கள் எல்லாம் வசப்பட்டன. ஆனால் வந்த பிள்ளைகளின் எண்ணிக்கை கூடவில்லை.

காரணத்தை அவர் ஒரு தாயாரிடமிருந்துதான் அறிந்தார். வீட்டில் இருப்பது ஒரே கைப்பேசி. அது தந்தையோடு காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போய், இரவு எட்டு மணிக்குத் திரும்புகிறது. பத்து மணி வகுப்பில் பிள்ளை எப்படி வந்து சேரும்? வகுப்புக்கு வராத பிள்ளை சோம்பேறியன்று. அவனுக்குரிய வகுப்பறை ஓசூர்ச் சாலையில் ஒருவர் சட்டைப்பையில் போய்க்கொண்டிருந்தது.

இது அந்தத் தெருவின் குறை மட்டுமன்று. 2017-18 இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின்படி, இந்தியாவில் ஏறத்தாழ 24 விழுக்காட்டு வீடுகளுக்கே இணைய வசதி இருந்தது. கணிப்பொறி இருந்த வீடுகள் 11 விழுக்காட்டுக்கும் குறைவு. 2020 செப்டம்பரில் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் ஓர் ஆய்வை வெளியிட்டது. அப்பல்கலைக்கழகம் அக்காலத்தில் இதே ஓசூர்ச் சாலையில், மின்னணு நகரத்தருகே இயங்கிவந்தது என்பதை நினைக்கும்போது வியப்பாக இருக்கிறது. ஐந்து மாநிலங்களின் அரசுப் பள்ளி ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் கேட்டறிந்து செய்த அவ்வாய்வில், 60 விழுக்காட்டுக்கு மேற்பட்ட பிள்ளைகளால் இணைய வகுப்பை எட்டவே இயலவில்லை என்பது தெரிந்தது. 80 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஆசிரியர்கள், இணைய வழியில் பிள்ளைகளோடு மனத்தொடர்பு வைத்துக்கொள்ள முடியவில்லை என்றார்கள். கருநாடக அரசோ 2020 ஜூனில், கீழ்வகுப்புகளுக்கு இணைய வகுப்பு நடத்துவதைத் தடுத்து ஆணையிட்டது. ஜூலை 8 ஆம் நாள் உயர்நீதிமன்றம் அதனை நிறுத்தி வைத்தது. மேலிருந்தவர்களுக்கும் வழி தெளிவாக இல்லை என்பதே இதன் பொருள்.

இனி நம் ஆசிரியை செய்ததைக் காண்போம். நேரலையை அவர் கைவிட்டார். ஐந்து நிமிடக் குரல் பதிவு ஒன்று. தம் கையால் தாளில் எழுதிய கணக்கின் படம் ஒன்று. இவ்விரண்டையும் மாலை ஆறு மணிக்கு வாட்சாப் குழுவில் அனுப்பினார். தந்தை வீடு திரும்பியதும் பிள்ளை அதைக் கேட்கும். கணக்கைப் போட்டு, ஏட்டைப் படமெடுத்து அனுப்பும். மறுநாள் காலை அவர் திருத்துவார். ஒரு மணி நேரக் காணொளி வகுப்பு அரை ஜிகாபைட்டுக்கு மேல் விழுங்கிவிடும். ஐந்து நிமிடக் குரல் பதிவுக்கோ சில மெகாபைட்டே போதும். மாதக் கடைசியில் கைப்பேசிக்குப் பணம் போட இயலாத வீட்டுக்கு இந்த வேறுபாடு சிறியதன்று. புதிய கருவியை விட்டுப் பழைய கருவிக்குத் திரும்பினாரே, இது பின்னடைவு ஆகாதா என்று சிலர் கேட்கக்கூடும். நான் அவ்வாறு கருதவில்லை. எந்தக் கருவி சிறந்தது என்பதை அவர் ஆராயவில்லை. எந்தக் கருவி அந்த வீட்டின் கதவைத் தாண்டி உள்ளே போகும் என்பதை ஆராய்ந்தார். அன்றுதான் அவர் இணையக் கருவியைக் கற்றுக்கொண்டார் என்பேன். அதற்கு முன் கற்றவையெல்லாம் பொத்தான்கள்.

கைப்பேசியே இல்லாத வீடுகளும் இருந்தன. அந்தப் பிள்ளைகளுக்கு அவர் வாரத்துக்கொரு முறை தாளில் எழுதிக் கொடுத்தனுப்பினார். அதே ஆகஸ்டில் கருநாடகக் கல்வித்துறை 'வித்யாகம' என்ற திட்டத்தைத் தொடங்கியபோது, பிள்ளைகளை மூவகையாகப் பிரித்தது: கைப்பேசி இல்லாதவர், இணையமில்லாத கைப்பேசி உடையவர், இணையத்தோடு கூடிய கருவி உடையவர். ஆசிரியர்கள் பிள்ளைகள் வாழும் இடங்களுக்கே சென்று, கோயில் திண்ணையிலும் மரத்தடியிலும் பாடம் நடத்தினார்கள். நோய் பரவுகிறது என்ற அச்சத்தால் அக்டோபரில் அத்திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. ஒரு தெருவின் ஆசிரியை தாமே வகுத்துக்கொண்ட பிரிவும், ஒரு மாநிலம் வகுத்த பிரிவும் ஒத்திருந்தமை எனக்குப் பின்னரே விளங்கிற்று.

இங்கே வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்ப்பது நலம். மின்வழிக் கருவி ஆசிரியரை நாடி வந்தது 2020 இல்தானா? இல்லை. 1975-76 இல், அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் துணையோடு, ஆறு மாநிலங்களில் 2,400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி கொண்டு செல்லப்பட்டது. கருநாடகத்தில் குல்பர்கா, பீஜப்பூர், ரெய்ச்சூர் மாவட்டங்கள் அதில் இடம்பெற்றன. அம்முயற்சியில் பிள்ளைகளுக்கு நிகழ்ச்சி ஒளிபரப்பியதோடு நில்லாமல், தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் கற்பிக்கும் பயிற்சியும் தொலைக்காட்சி வழியே தரப்பட்டது. ஆசிரியரும் கற்க வேண்டும் என்ற உண்மையை அன்றே உணர்ந்திருந்தார்கள்.

பின்னாளில் அவ்வுணர்வு மங்கிற்று. 2001 இல் கருநாடகம் 'மாஹிதி சிந்து' என்னும் திட்டத்தைத் தொடங்கி, ஆயிரம் உயர்நிலைப் பள்ளிகளில் கணிப்பொறி அறைகளை அமைத்தது. அறைகளை நடத்தும் பொறுப்பு தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. கற்பிக்க அந்நிறுவனங்களின் பயிற்றுநர்கள் வந்தார்கள். பள்ளியின் கணக்காசிரியருக்கும் அந்த அறைக்கும் தொடர்பில்லாமற் போயிற்று. கணிப்பொறி என்பது வேறோர் ஆள் வந்து சொல்லும் வேறொரு பாடமாகிவிட்டது. ஒப்பந்தம் முடிந்து பயிற்றுநர் போனால் என்ன ஆகும்? அறையில் பூட்டுத்தான் தொங்கும்.

அதே 2001 இல் கேரளம் 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. அங்கே வெளியாரை அமர்த்தாமல், பள்ளி ஆசிரியர்களுள்ளேயே சிலரைத் தேர்ந்து பயிற்றி, அவர்களைக் கொண்டே மற்ற ஆசிரியர்களைப் பயிற்றினார்கள். விலை கொடுத்து வாங்க வேண்டாத கட்டற்ற மென்பொருள்களைக் கையாண்டார்கள். 2005 இல் 'விக்டர்ஸ்' என்னும் கல்வி ஒளியலையை அப்துல் கலாம் தொடங்கி வைத்தார். 2020 ஜூன் முதல் நாள் நாடெங்கும் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, கேரளத்தில் 'முதல் மணி' என்னும் பெயரில் அந்த ஒளியலையின் வழியே பாடங்கள் உடனே தொடங்கிவிட்டன. அவற்றை நடத்தியவர்கள் பள்ளி ஆசிரியர்கள். ஒரு திங்களில் செய்த ஏற்பாடாக அது தோன்றலாம். பின்னே பத்தொன்பது ஆண்டு உழைப்பு இருந்தது.

கருநாடகமும் பின்னர் வழியை மாற்றிக்கொண்டது என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. 2011 முதல், 'ஐ.டி. ஃபார் சேஞ்ச்' என்னும் பெங்களூர் அமைப்பின் துணையோடு, கல்வித்துறை அரசு உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களைப் பாடவாரியாகக் கூட்டிப் பயிற்றத் தொடங்கியது. கணக்காசிரியர்கள் ஒரு குழு, அறிவியலாசிரியர்கள் ஒரு குழு. கணக்கு வரைய ஜியோஜீப்ரா, கருத்துப்படம் வரைய ஃப்ரீமைண்ட், உலகப்படம் காட்ட மார்பிள் ஆகிய கட்டற்ற மென்பொருள்களை அவர்கள் தம் பாடத்தோடு சேர்த்தே பழகினார்கள். தாம் உருவாக்கியவற்றை யாவரும் எடுத்தாளும் வண்ணம் ஒரு பொதுக் களஞ்சியத்தில் சேர்த்தார்கள். ஐயம் வந்தால் மின்னஞ்சலில் ஒருவரை ஒருவர் கேட்டார்கள். பயிற்சி முடிந்து ஊர் திரும்பிய பின்னும் கேட்பதற்கு ஆளிருந்தது என்பதே அதன் வலிமை. ஒரு நாள் பயிற்சிக்கு ஆசிரியர்களை அழைத்து, சிற்றுண்டி கொடுத்து, சான்றிதழும் கொடுத்து அனுப்பிவிடும் வழக்கத்தை நாம் அறிவோம். மூன்றாம் நாள் ஐயம் எழும்போது சான்றிதழா விடை சொல்லும்?

நம் ஆசிரியைக்கு அத்தகைய குழு வாய்க்கவில்லை. தனியார் பள்ளியில் வேலை. அரசுப் பயிற்சிகள் அங்கு எட்டுவதில்லை. அவருக்கு வாய்த்தவன் நான் ஒருவனே. 2021 செப்டம்பரில் ஏழாம் வகுப்புகள் மீண்டும் திறக்கப்பட்டபோது, தவணையில் வாங்கிய மடிக்கணினி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போனார். அலுவலக அறையிலிருந்த தொலைக்காட்சிப் பெட்டியோடு அதனை இணைத்துக் கொடுப்பது என் வேலை. அங்கே நடந்த ஒரு பாடத்தை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். வகுப்பில் கருவி என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை அதைவிடத் தெளிவாக நான் கண்டதில்லை.

பாடம், முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகை என்பது. கரும்பலகையில் ஒரு முக்கோணம் வரைந்தால் அது அசையாது. ஜியோஜீப்ராவில் வரைந்த முக்கோணத்தின் முனையைப் பற்றி இழுத்தால் அது நீளும், சாயும், குறுகும். மூன்று கோணங்களின் அளவும் உடனுக்குடன் மாறும். இந்த மென்பொருளை ஆஸ்திரியாவின் சால்சுபர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் என்ற மாணவர் 2001-02 இல் தம் முதுநிலைப் பட்டத்துக்காக உருவாக்கத் தொடங்கினார். (மாணவ நண்பர்களே, நம் ஆய்வேடுகள் தூங்கும் அலமாரிகளையும் சற்று நினைத்துக்கொள்ளுங்கள்.) இணையம் இல்லாதபோதும் இது இயங்கும் என்பது பொம்மனஹள்ளிக்கு மிகப் பொருத்தம்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து முனையை இழுத்தார்கள். ஆரவாரம். ஒரு பையன் இழுத்து நிறுத்திய இடத்தில் கோணங்கள் 60, 60, 59 என்று நின்றன. கடைசி வரிசையிலிருந்து ஒரு சிறுமி எழுந்தாள். "மிஸ், நூத்தி எழுபத்தொன்பதுதானே வருது?"

வகுப்பு அடங்கிவிட்டது. ஆசிரியை என்னைப் பார்த்தார். நான் கணிப்பொறியைப் பார்த்தேன். பொத்தான்கள் யாவும் அறிந்த எனக்கு விடை தெரியவில்லை. கெட்டுப்போய்விட்டதோ என்றுகூட எண்ணினேன். பொத்தான்கள் அறியாத அவருக்குத் தெரிந்துவிட்டது. "தசம புள்ளி எங்கே?" என்றார். அளவுகள் முழு எண்ணாகத் திருத்திக் காட்டப்பட்டிருந்தன. ஒரு தசம இடம் காட்டும்படி மாற்றினேன். 60.4, 60.4, 59.2 என்று வந்தது. கூட்டினால் 180. முதலிரண்டிலும் 0.4 உதிர்ந்திருக்கிறது, மூன்றாவதில் 0.2 உதிர்ந்திருக்கிறது, உதிர்ந்தவை மூன்றும் சேர்ந்து ஒரு பாகை. தோராயமாக்குதல் என்ற பாடத்தை ஆறாம் வகுப்பில் மனப்பாடம் செய்து மறந்துபோன பிள்ளைகளுக்கு அன்று அது கண்ணெதிரே நடந்தது.

அதோடு நின்றிருந்தால் அது நல்ல பாடம் மட்டுமே. அவர் நிற்கவில்லை. "எத்தனை முறை இழுத்தீர்கள்?" என்று கேட்டார். "முப்பது முறை மிஸ்." "முப்பத்தோராம் முறையும் 180 வரும் என்று எப்படித் தெரியும்?" யாரும் பேசவில்லை. மடிக்கணினியை மூடினார். கரும்பலகையில் ஒரு முக்கோணம் வரைந்தார். உச்சியின் வழியே, அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு இழுத்தார். அடியிலுள்ள இரு கோணங்களும் ஒன்றுவிட்ட கோணங்களாக மேலே போய் உச்சிக் கோணத்தின் இருபுறமும் அமர்ந்தன. மூன்றும் சேர்ந்து ஒரு நேர்க்கோடு. நேர்க்கோட்டின் மேலுள்ள கோணம் 180. முப்பது முக்கோணங்கள் சொல்லாததை ஒரு சுண்ணக்கோடு சொல்லிவிட்டது! கணிப்பொறி ஐயத்தைக் கிளப்பியது. கரும்பலகை அதைத் தீர்த்தது. கணிப்பொறி இல்லாவிடில் அந்தச் சிறுமி எழுந்து கேட்டிருக்கமாட்டாள் என்பதையும் மறுக்க இயலாது. ஆசிரியர் அதுவரை சொன்னதை யார் எதிர்த்துக் கேட்டார்கள்? பெட்டியை எதிர்த்துக் கேட்கப் பிள்ளைகளுக்கு அச்சமில்லை.

இனி என் தவற்றைச் சொல்ல வேண்டும். அதே கட்டடத்தில் ஞாயிறுதோறும் நான் தமிழ் வகுப்பு நடத்தினேன். வீட்டில் தமிழ் பேசியும் எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு அது. ஆசிரியைக்கே கருவி சொல்லிக்கொடுத்தவன் என்ற செருக்கு எனக்கு இருந்தது. கூகுள் படிவத்தில் சிறு வினாக்கள் அமைத்து, விடைகளையும் முன்னரே எழுதி வைத்து, மதிப்பெண் தாமே விழும்படி செய்தேன். ஆத்திசூடி பாடியவர் யார் என்பது ஒரு வினா. நன்றாகப் படிக்கும் ஒரு சிறுவன் 'ஒளவையார்' என்று விடையளித்திருந்தான். சுழியம் விழுந்தது. அவன் திரையை நீட்டிக் கேட்டான்: "அண்ணா, சரியாத்தானே எழுதியிருக்கேன்?" பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. என் விடையும் அவன் விடையும் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றின.

காரணம் இதுதான். 'ஔ' என்பது தமிழ் நெடுங்கணக்கில் ஓர் உயிரெழுத்து. யூனிகோடு என்னும் எழுத்துக் குறிமுறையில் அதற்குத் தனி எண் உண்டு. சிறுவனோ 'ஒ' என்ற எழுத்தையும் 'ள' என்ற எழுத்தையும் அடுத்தடுத்து அழுத்தியிருந்தான். மனிதக் கண் இரண்டையும் ஒன்றாகவே படிக்கும். பொறிக்கு ஒன்று ஓரெழுத்து, மற்றொன்று ஈரெழுத்து. 'கொ' போன்ற எழுத்துகளிலும் இதுபோன்ற சிக்கல் உண்டு. ஒற்றைக் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் இடலாம். இரண்டு குறிகளாகப் பிரித்தும் இடலாம். இரண்டும் ஒன்றே என்று யூனிகோடு விதி வகுத்திருக்கிறது. அவ்விதியை எல்லாச் செயலிகளும் மதிக்கின்றனவா என்பது வேறு. எதிர்பார்க்கும் விடையை இரண்டு மூன்று வடிவங்களில் எழுதி வைக்கப் படிவத்திலேயே வழியுண்டு. நான் அதை அறியவில்லை. அறிய முயலவும் இல்லை. ஆங்கிலத்தில் சோதித்துப் பார்த்துச் சரியாக இருந்ததால் தமிழிலும் சரியாக இருக்கும் என்று கொண்டேன்.

அந்தச் சிறுவனுக்கு மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தேன். ஆயினும் அவனைப்போல் கேட்காமல், தான் எழுதியதே தவறு என்று எண்ணிப் போய்விட்ட பிள்ளைகள் எத்தனை பேரோ? பழைய விடைத்தாள்களை மறுபடி புரட்டினேன். மூவர் இருந்தார்கள். அதில் ஒரு சிறுமி அடுத்த வாரம் முதல் வகுப்புக்கே வரவில்லை. வேறு காரணமும் இருக்கலாம். என்றாலும் அது என் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. ஆசிரியையிடம் சொன்னபோது, அவர் கடிந்துகொள்ளவில்லை. "நான் முதல் தேர்வை எப்போதும் கையால்தான் திருத்துவேன்" என்றார். "எங்கே தப்புப் பண்ணுவாங்கன்னு தெரிஞ்ச பிறகுதான் பெட்டிகிட்ட கொடுப்பேன்." பொத்தான் கற்பித்த நான் அன்று மீண்டும் ஏழாம் வகுப்பு மாணவனானேன்.

தமிழ்நாட்டுப் பாடநூல்களைப் பார்த்த நண்பர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். 2018 முதல் வந்த புதிய நூல்களின் பக்கங்களில் சதுரக் குறிகள் அச்சிடப்பட்டுள்ளன. அவற்றை, 2017 செப்டம்பர் 5 ஆம் நாள் மைய அரசு தொடங்கிய 'தீக்சா' செயலியால் படித்தால் காணொளி திறக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் அக்குறியைக் காட்டிவிட்டு ஆசிரியர் ஒதுங்கி நின்றால், அது மாஹிதி சிந்துவின் பூட்டிய அறையே வேறு வடிவில் வந்ததாகும். காணொளியை எந்த நொடியில் நிறுத்த வேண்டும், எந்தப் பிள்ளையைப் பார்த்துக் கேள்வி கேட்க வேண்டும் என்பதைக் குறி சொல்லாது.

வேறொன்றையும் நாம் நினைவிற் கொள்ள வேண்டும். இக்கருவிகள் நம்முடையவை அல்ல. ஜியோஜீப்ராவை 2021 டிசம்பரில் பெங்களூரைச் சேர்ந்த பைஜூஸ் நிறுவனம் வாங்கியதாக அறிவித்தது. மூன்று ஆண்டுகளுக்குள் அந்நிறுவனமே திவால் நடவடிக்கைக்கு உள்ளாயிற்று. உரியவர்கள் மாறுவார்கள். ஆகவே தாம் வரைந்த பாடங்களின் படி ஒன்றைத் தம்மிடமே வைத்துக்கொள்ளும் பழக்கத்தை ஆசிரியைக்குச் சொல்லிக்கொடுத்தேன். நான் அவருக்குக் கற்பித்தவற்றுள் உருப்படியானது அது ஒன்றே என்று எனக்குத் தோன்றுகிறது.

சென்ற ஆண்டு விடுமுறையில் ஊர்ப்பக்கம் போகாமல் பொம்மனஹள்ளியிலேயே தங்கியிருந்தேன். டீச்சர் இப்போது யாரையும் கூப்பிடுவதில்லை. தாமே இணைக்கிறார், தாமே பூட்டுகிறார். கேட்டால் எழுதிக் கொடுக்கும் செயற்கை அறிவுக் கருவி ஒன்றையும் பழகியிருக்கிறார். பயிற்சிக்குப் பத்து முக்கோணக் கணக்குகள் வேண்டுமென்று அதனிடம் கேட்டிருக்கிறார். நொடியில் பத்தும் வந்தன. வழக்கம்போல் ஒவ்வொன்றையும் தாளில் போட்டுப் பார்த்திருக்கிறார். ஏழாவது கணக்கில் பக்கங்கள் 3, 4, 8 சென்டிமீட்டர். சுற்றளவு காண்க என்பது வினா. கூட்டினால் 15 என்று விடை வந்துவிடும். ஆனால் அப்படி ஒரு முக்கோணம் இல்லை. 3 உம் 4 உம் சேர்ந்தாலும் 8 ஐ எட்டா.

"அடித்துவிட்டீர்களா மிஸ்?" என்று கேட்டேன்.

"ஏன் அடிக்கணும்? நாளைக்கு அதுதான் பாடம்."

மறுநாள் நானும் பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன். துடைப்பத்திலிருந்து உருவிய ஈர்க்குச்சிகளை மூன்றளவாக நறுக்கி ஒவ்வொரு மேசைக்கும் கொடுத்திருந்தார். "கணிப்பொறி ஒரு முக்கோணம் சொல்லியிருக்கு. கட்டிக் காட்டுங்க" என்றார். பிள்ளைகள் குனிந்து வேலையைத் தொடங்கினார்கள். சிறிது நேரத்தில் ஒரு மேசையிலிருந்து முணுமுணுப்பு எழுந்தது. குச்சிகள் சேரவில்லை. குறையான குச்சி கொடுத்துவிட்டதாக ஒருவன் குற்றம் சாட்டினான். பக்கத்து மேசைக் குச்சியோடு வைத்து அளந்தான். அதுவும் அவ்வளவே. அப்போது முன்வரிசைப் பெண் ஒருத்தி, நீளக் குச்சியின் மேல் மற்ற இரண்டையும் படுக்க வைத்து, இடையில் விட்ட ஒரு சென்டிமீட்டர் இடைவெளியை விரலால் தொட்டுக் காட்டினாள்.